எங்கள் வீட்டுப் பீங்கான் புனிதர்

லண்டனில் பிறந்து, இப்போது முப்பதை எட்டிப் பார்க்கும் என் வயதுக்காரரே, உங்கள் வீட்டுச் சுவரிலும் சாமி வைக்கும் ஒரு பலகைத் தட்டு இருந்திருக்கும். மாதாவும் திரு இருதயமும், இல்லையென்றால் பிள்ளையாரும் முருகனும். பக்கத்தில் ஊரிலிருந்து வந்த ஒரு பழைய படம், ஒரு நெருப்புப்பெட்டி, நல்ல பதில் வரவேண்டும் என்று சாமிக்குக் கீழே செருகிவைத்த நகரசபைக் கவுன்சில் கடிதம். எட்மண்டனில் ஒரு கோழிக்கடைக்கு மேலே இருந்த எங்கள் இரண்டு அறை வீட்டில் அந்தத் தட்டு டிவிக்கு மேலே இருந்தது. எனக்குப் பத்து வயதான கோடையில், அதில் மாதாவுக்கு வலப்பக்கத்தில் ஒரு நாடகக்காரன் நின்றான். புனிதர் என்று நினைத்து நாங்கள் அவனைக் கும்பிட்டோம்.

சிரிப்பீர்கள் என்று தெரிந்துதான் சொல்கிறேன். ஆனால் அந்தக் கோடையில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்கு முந்தைய வருடம் அம்மா ஒரு பிள்ளையை இழந்திருந்தார். அதற்கு முன்பும் ஒன்று. எனக்கு அப்போது விவரம் சொல்லப்படவில்லை. அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனார், வெறுங்கையோடு வந்தார், பிறகு வெகு நாட்கள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், அவ்வளவுதான் தெரியும். அந்த வசந்தத்தில் மறுபடியும் வயிற்றில் பிள்ளை. இந்தத் தடவை வீட்டில் யாருமே அதைப் பற்றி உரத்துப் பேசவில்லை, பேசினால் போய்விடும் என்பதுபோல.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அம்மா ஆறாம் வகுப்போடு நின்றவர், அப்பா எட்டோடு. ஊரில் போருக்குப் பயந்து ஓடி ஓடி இடம் மாறிய வருடங்களில் அவர்களுடைய பள்ளிக்கூடங்களே நின்ற இடத்தில் நிற்கவில்லை. எங்கள் குடும்பத்தில் படிப்பை முழுதாக முடித்து, பல்கலைக்கழகம் வரை போன முதல் ஆள் நான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, பெருமைதான். ஏழு வயதிலிருந்து வீட்டுக்கு வரும் கடிதமெல்லாம் என் கையில்தான் முதலில் வரும். கேஸ் பில், கவுன்சில், வங்கி எல்லாவற்றையும் நான் வாசித்துத் தமிழில் சொல்வேன், அப்பா சமையலறை மேசையில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு கேட்பார். அந்த வசந்தத்தில் மட்டும் ஆஸ்பத்திரிக் கடிதங்கள் என்னிடம் வரவில்லை. அப்பா மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போய், வேலை செய்யும் பெட்ரோல் நிலையத்தில் யாரிடமோ வாசித்துக் கேட்டார். என் பதவி பறிபோனதுபோல எனக்குக் கோபம் வந்தது.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து வரும் வழியில், காரின் பின்பெட்டியில் பழைய சாமான் வைத்து விற்கும் கார் பூட் சந்தையில் அப்பா அந்தச் சிலையை வாங்கினார். பழைய செய்தித்தாளில் சுற்றி, வாழைப்பழத்தைக் கொண்டுவருவதுபோல அலட்சியமாகக் கொண்டுவந்து அம்மாவின் மடியில் வைத்தார். அம்மா பிரித்துப் பார்த்தார். ஒரு சாண் உயரத்தில் ஒரு தாடிக்காரக் கிழவர். சிவப்பு உடுப்பு, அதற்கு மேல் தரைவரை தொங்கும் கறுப்பு அங்கி, தலையோடு ஒட்டிய குட்டித் தொப்பி, இடுப்பில் ஒரு பை, காலில் மஞ்சள் செருப்பு. முன்பக்கம் கொஞ்சம் குனிந்து, ஒரு கையால் தாடியைப் பிடித்திருந்தார். மற்றக் கை முதுகுக்குப் பின்னால். அதில் இரண்டு விரல் நுனிகள் உடைந்திருந்தன. அம்மா அவருடைய மூக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு அது.

அவருக்குப் பெயர் வைத்தவர் செபமாலை அன்ரி. இரண்டு தெரு தள்ளி இருந்தவர். எங்கள் பங்குத் தமிழ்ச் சனங்களின் வீடுகளில் வெள்ளிக்கிழமைகளில் செபமாலை சொல்லுவிப்பவர். முழங்கால் வலியோடு எங்கள் படிகளை ஏறி வந்து, சிலையைக் கையில் எடுத்து, வெளிச்சத்துக்குத் திருப்பி, நீதிபதியைப்போலப் பார்த்தார்.

“தாடி கிடக்கு. அங்கி கிடக்கு. இடுப்பில யாத்திரைப் பை கிடக்கு. வேற ஆர்? எங்கட சந்தியோகுமையோர்தான்.”

சந்தியோகுமையோர் என்றால் இயேசுவின் சீடரான புனித யாகப்பர். அம்மாவின் ஊர்க் கோயில் அவருடையது. அவர் கையில் நீண்ட தடி இருக்குமே என்று அம்மா கேட்டார். அன்ரி உடைந்த விரல்களைக் காட்டினார். தடி பிடித்த கை அதுதான், தடியோடு விரலும் போய்விட்டது என்றார். கை ஏன் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது என்று நான் கேட்டதற்கு, பெரியவர்கள் கதைக்கும்போது வாய் பாராமல் போய்த் தேத்தண்ணி வைக்கச் சொன்னார்.

அப்பா குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

அன்று முதல் கிழவர் தட்டில் ஏறினார். அம்மா நேர்த்தி வைத்தார்: பிள்ளை உயிரோடு கையில் வந்தால், ஆணென்றால் சந்தியோகு என்றே பெயர் வைப்பது. வெள்ளிக்கிழமைகளில் செபமாலை எங்கள் வீட்டிலேயே நடந்தது, அம்மா படியிறங்கக் கூடாது என்பதற்காக. அவருடைய தூசி தட்டுவது என் வேலை. நீர்வண்ண ஓவியத்துக்கு வைத்திருந்த மெல்லிய தூரிகையால் அங்கியின் மடிப்புகளுக்குள் தட்டுவேன். கோடையிலும் அந்தப் பீங்கான் குளிர்ந்தே இருக்கும், காலையில் கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன். மெழுகுதிரி உருகும் மணம் கீழேயிருந்து வரும் பொரித்த கோழி மணத்தோடு கலந்து வரும். பக்தி என்றால் இன்றைக்கும் எனக்கு அந்த இரட்டை மணம்தான் நினைவுக்கு வருகிறது. வந்த பெண்கள் பயற்றம்பணியாரமும் கேக்கும் கொண்டுவந்து அவருக்கு முன்னால் வைப்பார்கள். செபம் முடிந்ததும் அவருடைய மஞ்சள் செருப்பை ஒவ்வொருவராகக் குனிந்து உதட்டால் முத்துவார்கள்.

அந்தச் சிலை இப்போது எங்களிடம் இல்லை. பிறகு இரண்டு தடவை வீடு மாறினோம். ஏதோ ஒரு பெட்டியில் போனது, எந்தப் பெட்டியிலும் வரவில்லை. விலையுயர்ந்ததா என்று கேட்காதீர்கள். பழையதைப் பார்த்துப் பின்னாளில் செய்த நகலாகத்தான் இருந்திருக்கும்.

ஜூன் மாதத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து எங்களைச் சவுத் கென்சிங்டனில் இருக்கும் பெரிய மியூசியத்துக்குக் கூட்டிப் போனார்கள். இரண்டு பேராகக் கைகோத்து, மஞ்சள் மேலங்கி போட்டு, ரயில் மாறி மாறிப் போனோம். மாடியில் பீங்கான் கூடத்தில் கண்ணாடி அலமாரிகள் கூரைவரை இருந்தன. ஒரு அலமாரிக்கு முன்னால் வழிகாட்டிப் பெண் எங்களைத் தரையில் உட்காரவைத்தார். இவர்கள் எல்லாரும் நடிகர்கள் என்றார். முந்நூறு வருடங்களுக்கு முன்னால் ஐரோப்பாவில் ஊர் ஊராகப் போய் ஆடிய இத்தாலிய நாடகக் கூட்டங்கள். எந்த ஊருக்குப் போனாலும் அதே ஆட்கள்தான் மேடைக்கு வருவார்கள். பல நிறச் சதுரங்கள் தைத்த சட்டையும் கறுப்பு முகமூடியுமாக ஒரு குறும்புக்கார வேலைக்காரன். அவனைவிடக் கெட்டிக்காரியான வேலைக்காரி. தெரியாததையெல்லாம் தெரிந்ததாகப் பேசும் டாக்டர். நீண்ட வாளும் நீண்ட பொய்களும் வைத்திருக்கும் கப்டன்.

ஐந்தாவதாக எங்கள் சந்தியோகுமையோர் நின்றார்.

அதே குனிவு, அதே தாடி, அதே மஞ்சள் செருப்பு. முதுகுக்குப் பின்னால் இருந்த கையில் எல்லா விரல்களும் இருந்தன. தடி பிடித்த கை அல்ல அது. யாரும் எடுத்துவிடாதபடி எதையோ ஒளிக்கும் கை. அவன் ஒரு கஞ்சக் கிழவன், பணக்கார வியாபாரி, இளம் பெண்களுக்குப் பின்னால் ஓடுவான், நாடகம் முடிவதற்குள் எல்லாரும் அவனை ஏமாற்றிவிடுவார்கள் என்று வழிகாட்டி சொன்னார். பிள்ளைகள் சிரித்தார்கள். இந்தப் பொம்மைகளை முதலில் சீனிப்பாகில் செய்தார்களாம், பிறகுதான் பீங்கானில். பிரபுக்களின் விருந்தில் கடைசியாக வரும் இனிப்புத் தட்டுகளுக்கு நடுவே நிற்கவைப்பார்களாம். எனக்குப் பயற்றம்பணியாரம் நினைவு வந்தது.

இப்படி ஏதாவது உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று அவர் கேட்டார். என் கை தானாக மேலே போனது. அந்தக் கிழவர் எங்கள் வீட்டில் இருக்கிறார், நாங்கள் அவரிடம் செபிக்கிறோம் என்று சொன்னேன். கூடம் முழுவதும் சிரிப்பு. ஆசிரியை என் தோளைத் தட்டினார். வருட இறுதி அறிக்கையில், இந்தப் பிள்ளைக்கு அபாரமான கற்பனை வளம் என்று எழுதியிருந்தார். இப்போது நானும் ஆசிரியைதான். பிள்ளைகள் நம்ப முடியாத ஒன்றைச் சொன்னால், இன்னும் கொஞ்சம் சொல் என்று கேட்கப் பழகியிருக்கிறேன்.

அன்று மாலை வீட்டுக்கு வந்தபோது அம்மா அவனுக்கு முன்னால் மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருந்தார். எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று என் வாய்க்குள் கல்மிட்டாய்போலக் கிடந்தது. ஒருபக்கம் பெருமை, மறுபக்கம் பயம். தூரிகையால் தூசி தட்டும்போது இப்போது அவனுடைய முகம் வேறாகத் தெரிந்தது. கண்ணோரத்தில் ஒரு கள்ளத்தனம். அது முன்பும் இருந்திருக்க வேண்டும்.

இரண்டு வாரம் பொறுத்தேன். பிறகு அன்ரி ஒரு திட்டத்தோடு வந்தார். ஜூலைக் கடைசியில் சந்தியோகுமையோர் திருநாள் வருகிறது, அன்று சிலையைக் கோயிலுக்குக் கொண்டுபோய், பூசை முடிய ஆங்கிலேயப் பாதரிடம் ஆசீர்வாதம் கேட்டு மந்திரிப்பிப்போம், பங்குச் சனம் முழுக்க முத்தட்டும் என்றார். அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஆனால் பாதர் படித்தவர். பார்த்தவுடன் தெரிந்துவிடும். எல்லாருக்கும் முன்னால் அம்மாவைப் பார்த்துச் சிரிப்பார்கள், மியூசியத்தில் என்னைப் பார்த்துச் சிரித்ததுபோல.

அடுத்த நாள் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படுமுன் அம்மா எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். முகம் பார்க்காமல் சொல்வது சுலபம் என்று நினைத்து அப்போது சொன்னேன். அம்மாவின் விரல்கள் பின்னலின் நடுவில் நின்றன.

“வடிவாத் தெரியுமோ பிள்ளை?”

“ஓம் அம்மா. கண்ணாடிக்குக் கீழ எழுதிக் கிடந்தது.”

பிறகு பின்னல் மறுபடியும் நகர்ந்தது.

“எழுதிக் கிடந்ததை நீ வாசிச்சனியெண்டால் சரியாத்தான் இருக்கும்.”

நாடகத்தில் அந்த ஆள் என்ன செய்கிறவர் என்று கேட்டார். கஞ்சன் என்றேன். பெண்களுக்குப் பின்னால் ஓடுவதை மட்டும் சொல்லவில்லை. ரிப்பனைக் கட்டிவிட்டு எழுந்துபோய், ஒரு வெள்ளைக் கைலேஞ்சித் துணியை எடுத்து அவனை மூடினார். கோபமாக அல்ல, குளிருக்கு மூடுவதுபோல.

அடுத்த நாள் சனிக்கிழமை. மத்தியானம் சமையலறையிலிருந்து அம்மா அப்பாவைக் கூப்பிட்டார். நான் ஓடிப்போனபோது அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார், காலடியில் ரத்தம். ஆம்புலன்ஸ்காரர்கள் அம்மாவைக் கதிரையில் இருத்தி, கதிரையோடு தூக்கிப் படிகளில் இறக்கினார்கள். அப்பாவும் கூடப் போனார். என்னைப் பார்த்துக்கொள்ள அன்ரி வந்தார்.

நான் செய்ததால்தான் இது என்று எனக்கு ஒரு கணம்கூடச் சந்தேகம் வரவில்லை. அம்மா பிடித்துக்கொண்டு நின்ற ஒன்றை நான் பிடுங்கிவிட்டேன், அடுத்த நாளே பிள்ளை நழுவுகிறது. கணக்கு அவ்வளவு நேராக இருந்தது.

அன்ரி வந்ததும் தட்டைப் பார்த்தார். ஆர் இதை மூடினது என்று திட்டிக்கொண்டே கைலேஞ்சியை உருவினார், திரி கொளுத்தினார், என்னைப் பக்கத்தில் முழங்காலில் இருத்தினார். சத்தமாகச் சொல்லச் சொன்னார். எங்களுக்காக வேண்டிக்கொள்ளும், எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். அவன் யாரென்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். முதுகுக்குப் பின்னால் ஒளித்த கை, கள்ளக் கண், எல்லாம் தெரியும். ஆனாலும் நான் என் வாழ்க்கையில் அப்படிச் செபித்ததில்லை. நாடகக்காரரே, நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், மியூசியத்தில் எழுதியதும் பிழையாக இருக்கட்டும், தம்பியோ தங்கச்சியோ உயிரோடு இருக்கட்டும் என்று மனதுக்குள் கெஞ்சினேன். என் அழுகையைப் பார்த்து அன்ரி, பிள்ளைக்கு எவ்வளவு விசுவாசம் என்று பிறகு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பிள்ளை தங்கியது. ஆனால் அம்மாவை வீட்டுக்கு விடவில்லை. நஞ்சுக்கொடி கீழே கிடக்கிறது, எந்த நேரமும் ரத்தம் போகலாம் என்று வசந்தத்திலேயே டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். அப்பாவின் சட்டைப்பைக்குள் போன கடிதங்களில் இருந்தது அதுதான். சின்னப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று மறைத்திருக்கிறார். அவரைக் குறைசொல்ல மாட்டேன். அந்த ஒரு கடிதத்தை வாசித்திருந்தால் என் கோடை வேறாக இருந்திருக்கும், அவ்வளவுதான்.

அம்மா இல்லாத ஆடியிலும் ஆவணியிலும் அப்பா சமைத்தார். எல்லாக் கறியும் ஒரே நிறத்தில் இருக்கும். நான் சாப்பிடவில்லை. அம்மா இல்லாத ஏக்கம் என்று அவர் நினைத்து, முட்டை பொரித்துத் தந்தார். ஒரு மாலை சிலையை நான் முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டுவிட்டு, என்ன என்று கேட்டார். அவன் புனிதர் இல்லை, நடிகன் என்று மட்டும் சொன்னேன். என்னால்தான் அம்மாவுக்கு இப்படி ஆனது என்ற மற்றதைச் சொல்லவில்லை.

“எனக்கு வாங்கேக்கையே தெரியும்,” என்றார். “காலைப் பாரன். ஒரு கால் முன்னுக்கு, முழங்கால் மடிஞ்சு. புனிதர் ஆரும் இப்பிடி நிப்பினமோ? நானும் கோயில் திருவிழாவில கூத்து ஆடினவன்.”

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“அண்டைக்குக் கொம்மா சிரிச்சவ. பிறகு செபமாலை அக்கா வந்து பேர் வைச்சிட்டா. அக்காவோட ஆர் கதைச்சு வெல்லுறது?”

நான் பெரிதாகக் கண்டுபிடித்ததை எட்டாம் வகுப்போடு நின்ற அப்பா கார் பூட் சந்தையில் நின்றபடியே கண்டிருக்கிறார். அன்று எனக்கு அது எரிச்சலாக இருந்தது. அவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்ற எத்தனையோ வருடங்கள் ஆயின.

திருநாள் வந்து போனது. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்ததால் சிலை கோயிலுக்குப் போகவில்லை. செப்டெம்பரில், நாள் ஆகுமுன்பே, அறுவை செய்து தங்கையை எடுத்தார்கள். உள்ளங்கை அகலம் முகம். சில வாரங்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்து, ஒக்டோபரில் வீட்டுக்கு விட்டார்கள். எல்லாரும் தூக்கினார்கள். நான் கிட்டப் போகவில்லை. கை கழுவவில்லை, மூக்கொழுகும் தடிமன், வீட்டுப்பாடம் என்று ஏதாவது சொல்வேன். பொறாமை என்று அன்ரி முடிவு கட்டினார். பெரிய பிள்ளைகளுக்கு வாறதுதான் என்று அம்மாவுக்கு ஆறுதலும் சொன்னார். நான் தொட்டால் ஏதாவது ஆகிவிடும் என்ற பயம் யாருக்குத் தெரியும்?

அந்த ஒக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை நன்றிச் செபமாலை. கட்டிலிலும் தரையிலும் படியிலுமாக இருபது பேர் இருந்திருப்பார்கள். செபம் முடிந்ததும் அன்ரி எழுந்தார். இந்த வீட்டில் சந்தியோகுமையோர் செய்த அற்புதப் புதுமையை எல்லாரும் கண்ணால் பார்த்தீர்கள் என்று தொடங்கி, சிலையைத் தட்டிலிருந்து இறக்கி, முத்துவதற்காக முதல் ஆளிடம் நீட்டினார்.

“அக்கா, அதைக் குடுக்காதேங்கோ,” என்றார் அம்மா. தங்கையை மடியில் வைத்துக் கட்டில் விளிம்பில் இருந்தார். “அவர் சந்தியோகுமையோர் இல்லை.”

அன்ரி சிலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“ஆர் சொன்னது?”

“என்ர மகள். மியூசியத்தில வாசிச்சவள்.”

“சின்னப் பிள்ளை. பிழையா வாசிச்சிருப்பாள்.”

“அவள் பிழையா வாசிக்க மாட்டாள் அக்கா. இந்த வீட்டுக் கடிதம் முழுக்க அவள்தான் வாசிக்கிறவள்.” அம்மா என்னைத் தேடினார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். என்னைப் பார்த்துக்கொண்டே மிச்சத்தைச் சொன்னார். “எனக்கு ஆஸ்பத்திரிக்குப் போக முதலே சொல்லிப்போட்டாள். தெரிஞ்சுகொண்டுதான் அத்தனை நாளும் அங்க கிடந்தனான். மாதாவைக் கேட்டன், டொக்டர் சொன்னபடி கிடந்தன். இவள் சொன்னதால எனக்கு ஒண்டும் நடக்கேல்லை. பிள்ளை வந்திட்டுதுதானே.”

மற்றவர்களுக்கு அது சாதாரண விளக்கம். எனக்கு மட்டும்தான் அது வந்து சேர்ந்தது. நான் சாப்பிடாததையும், தொட்டிலுக்குப் பக்கத்தில் போகாததையும் அப்பா சொல்லியும் தானே பார்த்தும் அம்மா எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறார்.

என்ன எழுதிக் கிடந்தது என்று எல்லாருக்கும் சொல்லச் சொன்னார். நான் நடுவில் வந்து நின்று சொன்னேன். என் முதல் வகுப்பு அதுதான் என்று நினைக்கிறேன். இத்தாலிய நாடகம், முகமூடி, சீனிப்பாகு எல்லாம் சொன்னேன். கஞ்சக் கிழவன் என்றேன். இந்தத் தடவை இளம் பெண்களுக்குப் பின்னால் ஓடுவதையும் விடவில்லை.

அன்ரி சிலையைக் கையெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். முகம் சிவந்திருந்தது. அம்மா பெரிய திட்டு வாங்கப்போகிறார் என்று நினைத்தேன்.

“அப்ப இந்த முழங்காலை வைச்சுக்கொண்டு நான் ஒரு கிழட்டுக் காவாலிக்கோ இவ்வளவு நாளும் நிண்டனான்?”

படியில் இருந்த அப்பாதான் முதலில் சிரித்தார். பிறகு யார் சிரிக்கவில்லை என்று சொல்வது கடினம். அன்ரியே சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அம்மா ஒரு கையால் வயிற்றைப் பொத்திக்கொண்டு, தையல் நோகுது, சிரிக்க வையாதேங்கோ என்று கெஞ்சினார். அந்தச் சத்தத்தில் தங்கை விழித்து வீரிட்டாள்.

“இஞ்ச வா,” என்றார் அம்மா. “எனக்கு ஏலாது. இவளை ஒருக்காப் பிடி.”

நான் கைகழுவவில்லை என்றேன்.

“பறவாயில்லை. பிடி.”

பிடித்தேன். எதிர்பார்த்ததைவிடச் சூடாக இருந்தாள், பாரமாகவும். அழுகையை நிறுத்தவில்லை. என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு, முழுத் தொண்டையாலும், உயிரோடு அழுதாள்.